பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்: செங்குத்தான பனிமலைக்கு எடை குறைந்த ஸ்னோஷூ

கேள்வி: மதுரையிலிருந்து நான்கு பேர். சதுரகிரி, அழகர்மலை என்று ஏறிப் பழக்கம் உண்டு. பிப்ரவரியில் வழிகாட்டியோடு குல்மார்க் பக்கம் பனிமலை ஏறப் போகிறோம். ஏற்றம் செங்குத்தாக இருக்கும் என்கிறார்கள். எடை குறைந்த ஸ்னோஷூவாக எதை வாங்கலாம்? எங்கள் உடல் எடை 62 கிலோவிலிருந்து 84 கிலோ வரை.

பதில்:

ஸ்னோஷூ என்பது பனியில் புதையாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலத் தட்டு. நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் மெலிந்தவர்களுக்கு 22 அங்குல (56 செ.மீ.) நீளம், 84 கிலோக்காரருக்கு 25 அங்குலம் (64 செ.மீ.). ஜோடி எடை 1.7 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குள் இருக்கட்டும். பாதத்தடியில் எஃகுப் பல், இரண்டு பக்கமும் நீளவாக்கில் பல் வரிசை, முன்பாதம் தடையில்லாமல் சுழலும் அச்சு, குதிகாலைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி, இந்த நான்கும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டுக்கொடுத்து 300 கிராம் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். எடையைக் குறைக்க நல்ல வழி நீளத்தைக் குறைப்பதுதான். பல்லைக் குறைப்பது அல்ல.

ஸ்னோஷூ என்ன செய்கிறது என்பது வயல்காட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். நாற்று நடுவதற்கு முன் பரம்படிக்கும்போது, பலகைமேல் நிற்பவர் சேற்றில் புதைவதில்லை. அவரே இறங்கி நின்றால் முழங்கால் வரை போகும். பனியிலும் அதே கணக்கு. 62 கிலோ ஆள், துணிமணியும் பூட்ஸும் 4 கிலோ, முதுகுப்பை 11 கிலோ, மொத்தம் 77 கிலோ. ஒற்றைக் காலில் நிற்கும்போது பூட்ஸின் அடிப்பரப்பு தோராயமாக 230 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 330 கிராம் போல அழுத்தம் விழும். 22 அங்குல ஸ்னோஷூவின் பரப்பு 1,000 சதுர செ.மீ. என்று வைத்தால் அழுத்தம் 77 கிராமாகிவிடும், அதாவது நாலில் ஒரு பங்கு. அதனால் புதையவே மாட்டோம் என்று நினைக்க வேண்டாம். புதுப்பனியில் ஒரு சாண் புதையும். இல்லாமல் போனால் இடுப்பு வரை போகும் இடத்தில் ஒரு சாண் என்பது பெரிய லாபம்.

காலில் கட்டும் எடையை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. சொந்தமாகவே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏற்றத்தில் ஓர் அடி அரை மீட்டருக்கு மேல் வராது. 5 கி.மீ. என்றால் 10,000 அடி. ஒரு காலுக்கு 200 கிராம் கூடுதல் என்றால் அன்றைக்கு நீங்கள் வீணாகத் தூக்கியது 2,000 கிலோ. இது வெறும் உலோகத்தின் எடை. தட்டின்மேல் குவியும் பனியும் கூட வரும். அகலமான, நீளமான தட்டில் அது அதிகம். சிறிய ஸ்னோஷூ இரண்டு வழியில் எடை மிச்சப்படுத்துகிறது என்று சொல்வது இதனால்தான்.

அளவைத் தீர்மானிக்க உடல் எடை மட்டும் போதாது. உடுப்பு, பூட்ஸ், நிறைத்த பை எல்லாம் சேர்த்து அரிசிக்கடைத் தராசில் ஏறி நில்லுங்கள். அந்த எண்தான் வேண்டும். 22 அங்குல மாடல்கள் பலவும் சுமார் 80 கிலோ வரைக்கும், 25 அங்குலம் சுமார் 100 கிலோ வரைக்கும் என்று தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். உங்கள் 84 கிலோக்காரர் பையோடு நூறைத் தொடுவார். அவருக்கு 30 அங்குலம் வேண்டுமே என்று தோன்றும். சமவெளியில், காட்டுக்குள், தூள்பனியில் நடக்க அது சரி. செங்குத்தான இடத்தில் 30 அங்குலம் ஒரு தொல்லை: வால் பின்னால் இடிக்கும், திருப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று மிதிபடும், சாய்வுக்குக் குறுக்கே நடக்கையில் கணுக்காலை முறுக்கும். கொஞ்சம் கூடப் புதைந்தாலும் பரவாயில்லை, 25-ஐயே கொள்ளுங்கள். சில மாடல்களில் 5 அங்குல வால்துண்டு தனியாகக் கிடைக்கும். ஆழமான பனியில் மாட்டி, ஏற்றம் தொடங்கும்போது கழற்றிப் பையில் செருகிவிடலாம். அவருக்கு அது வசதி.

இனி பல். மாட்டுத்தாவணி என்று பேருந்து நிலையத்துக்கே பெயர் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் வாங்கியதும் ஸ்னோஷூவைக் கவிழ்த்துப் போடுங்கள். மேல்பக்கத்து நிறத்தையும் பட்டையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று இடத்தில் பல் தேட வேண்டும். முதலாவது, முன்பாதத்துக்கு நேர் கீழே: 2 முதல் 2.5 செ.மீ. நீளத்தில் முன்னோக்கிச் சாய்ந்த பற்கள். ஏறும்போது பனியில் குத்தி நிற்பவை இவை. இரண்டாவது, குதிகாலுக்குக் கீழே குறுக்குப் பட்டையில். இறங்கும்போது பிடிப்பவை இவை. மலிவான மாடல்களில் இங்கே பேருக்கு இரண்டு முளை இருக்கும், அவ்வளவுதான். மூன்றாவது, இரு ஓரத்திலும் நீளவாக்கில். சாய்வுக்குக் குறுக்கே நடக்கும்போது கீழ்நோக்கி வழுக்காமல் காப்பவை இவை மட்டுமே. முன்பல் எவ்வளவு கூராக இருந்தாலும் குறுக்கு நடையில் உதவாது. அதன் அகலம் சாய்வை நோக்கி இல்லை.

இதனால்தான் சட்டத்தின் வகை முக்கியமாகிறது. பழைய வகை வட்டமான அலுமினியக் குழாய்ச் சட்டம், நடுவில் துணி போன்ற தட்டு. சமவெளிக்கு அருமை. சாய்வில் உருண்டைக் குழாய் பனிமேல் சறுக்குப்பலகை போல வழுக்கும். இரண்டாவது வகையில் சட்டமே செங்குத்தாக நிறுத்திய தகடு. அதன் அடி ஓரம் முழுக்கப் பல் வெட்டியிருப்பார்கள். கருக்கரிவாளைக் கவிழ்த்து வளைத்தது போல இருக்கும். சுற்றளவு முழுதும் பிடிக்கும் என்பதால் குறுக்கு நடைக்கு இதை மிஞ்சியது இல்லை. எம்எஸ்ஆர் லைட்னிங் அசென்ட் இந்த வகை. 22 அங்குல ஜோடி சுமார் 1.8 கிலோ. விலை கடிக்கும். மூன்றாவது, ஒரே வார்ப்பான பிளாஸ்டிக் தட்டு, அடியில் இரண்டு எஃகுத் தண்டவாளம். அதே நிறுவனத்தின் ஈவோ அசென்ட் இந்த வகை. எடையும் ஏறக்குறைய அதேதான், விலை குறைவு. இறுகிய பனியில் தகரக் கொட்டகையில் மழை பெய்தது போல் சத்தம் போடும், தூள்பனியில் சற்றுக் கூடுதலாகப் புதையும். முதல்முறை வாங்குபவர்கள், அதுவும் நான்கு ஜோடி வாங்குபவர்கள், இதிலேயே நிற்கலாம் என்பது என் கணிப்பு.

கடையில் இவற்றைவிட லேசானவையும் கண்ணில் படும். பனியில் ஓடுவதற்கென்றே 1.2 கிலோ ஜோடி இருக்கிறது. ரப்பர் நுரையில் செய்தவையும் இருக்கின்றன. அவை வேறு வேலைக்கானவை. பற்கள் குறைவு, குதிகால் கம்பி கிடையாது. முழு அலுமினியப் பல்லும் எடை குறைவுதான். ஆனால் பனி மெலிந்து கல் தெரியும் இடங்களில் இரண்டு நாளில் மழுங்கிவிடும். முன்பல் எஃகாக இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகில் சில வகை காந்தத்தில் ஒட்டாது, அதனால் ஒட்டவில்லை என்றால் விவரத்தாளையும் படித்துவிடுங்கள்.

முன்பாத அச்சு இரண்டு விதம். ஒன்றில் பூட்ஸ் ஓர் இழுவைப் பட்டையில் தொங்கும். காலைத் தூக்கினால் வாலும் கூடவே எழும்பும், பனியை வாரி உங்கள் முதுகில் அடிக்கும். மற்றதில் உலோக ஊசியச்சு. காலைத் தூக்கினால் வால் கீழே தொங்கும், தட்டிலிருக்கும் பனி தானாகச் சரிந்து விழும், பூட்ஸின் முனை தட்டின் திறப்பு வழியே கீழே இறங்கிச் சரிவை உதைக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. இதில் ஒரு குறையும் உண்டு: பின்னோக்கி நடக்க முயன்றால் வால் குத்தி உட்கார வைத்துவிடும். செங்குத்தில் பின்னால் நடக்கவே கூடாது, சிறுசிறு அடியாக வட்டமடித்துத் திரும்புங்கள்.

குதிகால் கம்பி என்பது தட்டில் மடங்கிக் கிடக்கும் ஒரு வளைவு. ஏற்றத்தில் அதை நிமிர்த்தினால் குதிகால் அதன்மேல் உட்காரும். மாடிப்படி ஏறுவது போல் ஆகிவிடும், கெண்டைக்கால் இழுக்காது. 15 டிகிரிக்கு மேல் இதன் அருமை தெரியும். இதற்காகக் கூடும் எடை சொற்பம், இது இல்லாத மாடலால் காலுக்கு வரும் களைப்பு அதிகம். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான், எல்லாரும் செய்வது: உச்சியில் ஓய்வெடுத்துவிட்டுக் கம்பியை மடக்க மறந்து இறங்குவது. குதிகால் உயர்ந்திருக்க, உடல் முன்னால் சாய்ந்து தலைகுப்புற விழுவார்கள். இறங்கும் முன் ஒருவர் பின்னால் ஒருவர் பார்த்துச் சொல்லும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை கட்டும் அமைப்பில் எளிமையானதே மேல். துளையிட்ட ரப்பர் போன்ற பட்டை, ஒரு கொக்கி. அறுந்தால் இன்னொன்றை இரண்டு நிமிடத்தில் மாட்டலாம். குமிழைத் திருகினால் கம்பி இறுகும் வகை பார்க்க வசதி. உள்ளே பனி உறைந்தாலோ கம்பி அறுந்தாலோ மலையில் வைத்துச் சரிசெய்வது பெரும்பாடு. சோதனையை வீட்டுக்கூடத்திலேயே செய்யலாம். பூட்ஸை மாட்டி, பட்டையை இறுக்கி, காலைத் தூக்கி முழங்காலை இடமும் வலமும் திருப்புங்கள். குதிகால் தட்டைவிட்டு ஓரமாக வழிந்தால் அந்த அமைப்பு சாய்வுக்கு ஆகாது. முன்பாதத்தின் உருண்டைப் பகுதி அச்சுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். பூட்ஸின் முனை திறப்பின் விளிம்பில் இடிக்காமல் இறங்க வேண்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு நான்கு தடவை கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். மின்விசிறிக்குக் கீழே சுலபமாக வருவது மைனஸ் 10 டிகிரியில் வராது. கொக்கி எப்போதும் காலின் வெளிப்பக்கம்.

பூட்ஸ் சரியில்லை என்றால் மேலே சொன்னது எல்லாம் வீண். சதுரகிரிக்குப் போடும் ஷூ வளையும். பட்டையை இறுக்கினால் பாதம் கசங்கி ரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துவிடும். கணுக்காலுக்கு மேல் வரும், நீர் புகாத, அடிப்பாகம் கையால் மடக்க முடியாத பூட்ஸ் வேண்டும். தடித்த கம்பளிக் காலுறைக்காக அரை அளவு பெரிதாக. அதைப் புதிதாகக் கொண்டுபோகாதீர்கள். விடிகாலையில் அழகர்கோவிலிலிருந்து நூபுரகங்கை வரை நாலைந்து முறை போட்டு நடந்தால் எங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்னோஷூவைப் போட்டு வைகை மணலில் பழகலாமா என்று யோசிக்கத் தோன்றும். வேண்டாம். மணல் பல்லையும் அச்சையும் அரித்துவிடும், பனியின் பிடிப்பும் அதில் வராது.

நடை பற்றிச் சுருக்கமாக. யானைமலை போன்ற வழுக்குப்பாறையில் ஷூவின் ஓரத்தை ஊன்றி நிற்கும் பழக்கம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஸ்னோஷூவில் தட்டு சாய்வோடு தட்டையாகப் படிந்தால்தான் எல்லாப் பல்லும் பிடிக்கும். ஓரத்தில் நின்றால் பாதிப் பல் காற்றில் இருக்கும். நேர் ஏற்றத்தில் முனையால் உதைத்து, ஒரு நொடி எடையை ஏற்றிப் பார்த்து, பிறகு அடுத்த அடி. முன்னால் போகிறவர் உதைத்த படியிலேயே மற்றவர்கள் மிதிக்க வேண்டும். முன்னால் போகும் முறையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் முழங்காலை மடித்து, எடையைக் குதிகால் பல்லுக்குக் கொடுங்கள். பயந்துபோய் முழுக்கப் பின்னால் சாய்ந்தால் தட்டு சறுக்க ஆரம்பித்துவிடும். ஊன்றுகோல்கள் இரண்டும் வேண்டும், அடியில் 8 செ.மீ. அகலப் பனிவட்டோடு, சாதாரணச் சிறுவட்டு பனிக்குள் கைப்பிடி வரை இறங்கிவிடும்.

மதியம் வெயில் ஏறியதும் இன்னொரு தொல்லை. ஈரப்பனி பல்லுக்கு இடையில் அப்பி, கட்டியாகி, பல்லே தெரியாமல் மூடிவிடும். உருண்டையான பனிக்கட்டிமேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் அது இறுகி உறையும். ஊன்றுகோலால் சட்டத்தின் ஓரத்தைத் தட்டினால் உதிரும். காலையிலேயே பல்லுக்கும் தட்டின் அடிக்கும் சிலிகான் ஸ்பிரே அடித்துக்கொண்டால் தட்டும் வேலை பாதியாகும்.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்னோஷூ தேவைப்படும் அளவுக்கு இளகிய, ஆழமான பனி ஒருபக்கம். செங்குத்தான சாய்வு ஒருபக்கம். இரண்டும் ஒன்று சேரும் இடம்தான் பனிச்சரிவு நடக்கும் இடம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. 30 டிகிரி என்றால் பயங்கரமான பாறைமுகம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு மாடிப்படியே ஏறக்குறைய அந்தச் சாய்வுதான். நல்ல ஸ்னோஷூ வசதியாகப் பிடித்து நிற்கும் எல்லையும் அந்த 30-ஐ ஒட்டியே முடிகிறது. அதற்கு மேல் பனி இறுகியிருந்தால் ஸ்னோஷூ தவறான கருவி. கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்) பனிக்கோடரியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவும் வேண்டும். பனி இளகியிருந்தால் அங்கே நிற்பதே தவறு.

சாய்வை அளக்க ஊன்றுகோலே போதும். இரண்டையும் 120 செ.மீ.க்கு நீட்டி வையுங்கள். ஒன்றைப் பனிமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். மற்றதைப் படுக்கையாகப் பிடித்து, அதன் ஒரு முனை மேல்பக்கச் சரிவைத் தொட, மறுமுனை செங்குத்துக் கோலை எங்கே சந்திக்கிறது என்று பாருங்கள். பனியிலிருந்து 56 செ.மீ. உயரத்தில் சந்தித்தால் 25 டிகிரி, 69 செ.மீ. என்றால் 30, 84 என்றால் 35. கிளம்பும் முன்பே கோலில் 56-லும் 69-லும் வண்ண டேப் சுற்றிவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடம் மட்டுமல்ல, தலைக்கு மேலே இருக்கும் சரிவையும் எண்ண வேண்டும். 20 டிகிரியில் நடப்பவரின் மேலே 38 டிகிரி தொங்கிக்கொண்டிருக்கலாம். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர், கண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடுவது 3,900 மீட்டருக்கு மேலே, அஃபர்வத் மலைச் சரிவுகளில். அங்கே இந்தப் பேச்சு ஏட்டளவில் நிற்பதில்லை.

ஆகவே நால்வருக்கும் ஆளுக்கொரு பனிச்சரிவு பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), நீளும் துழாவுகோல், உலோக மண்வெட்டி. மூன்றில் ஒன்று இல்லையென்றால் மற்ற இரண்டும் பயன்படாது. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். வெளியிலிருந்து உதவி அதற்குள் வராது. இதில் ஆளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ கூடும். ஸ்னோஷூவில் மிச்சம் பிடிக்கும் எடையை இதற்குச் செலவிடுங்கள். சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் காலையில் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வாங்குவதா, வாடகையா? குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கருவிகளை வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. ஒரே ஒரு பயணம்தான் என்றால் வாடகையே லாபம். ஆனால் மேலே சொன்ன கவிழ்த்துப் பார்க்கும் வேலையை அங்கேயும் செய்யுங்கள்: ரிவெட் ஆடுகிறதா, பட்டையை வளைத்தால் வெள்ளைக் கோடாக வெடிப்பு தெரிகிறதா, பல் மழுங்கியிருக்கிறதா, இரண்டும் ஒரே ஜோடியா. குழாய்ச் சட்டம் மட்டுமே கிடைத்தால் அன்றைய பாதையை 20 டிகிரிக்குள் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு போனால், விமானத்தில் இவை கைப்பையில் போகாது. உள்நாட்டு விமானங்களில் சரக்குக்குப் பொதுவாக 15 கிலோதான். இரண்டு ஸ்னோஷூவையும் பல் உள்பக்கம் வரும்படி ஒன்றோடொன்று பொருத்தி, நடுவில் பழைய சாக்குத்துண்டு வைத்துக் கட்டினால் பை கிழியாது.

மலையில் கைவசம் இருக்க வேண்டியது: உதிரிப் பட்டை இரண்டு, கட்டுக்கம்பி 2 மீட்டர், சின்னக் குறடு. பிளாஸ்டிக் கட்டுப்பட்டை குளிரில் ஒடிந்துவிடும், டேப் ஈரத்தில் ஒட்டாது. ரிவெட் தெறித்தால் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினால் ஊர் வந்து சேரலாம்.

திரும்பி வந்ததும் பல்லைத் துடைத்து, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவி வையுங்கள். மழுங்கியிருந்தால் கை அரத்தால் நாலு இழுப்பு. பட்டறையில் கிரைண்டரில் கொடுத்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். நம் ஊர் கோடையில் தகரக் கூரைப் பரண் இந்தப் பட்டைகளுக்குப் பனியைவிடப் பெரிய எதிரி. கட்டிலடியில் போடுங்கள். பூட்ஸையும் அட்டைப்பெட்டிக்குள் மூடி மூன்று வருஷம் மறந்துவிடாதீர்கள். அடிப்பாகத்தின் பாலியூரிதேன் நுரை நம் புழுக்கத்தில் தானாகவே பொடிந்து, அடுத்த முறை மலையில் முதல் மணி நேரத்திலேயே அடி தனியாகக் கழன்று வரும். மாதம் ஒருமுறை எடுத்து மொட்டைமாடியில் மாலை நேரத்தில் பத்து நிமிடம் போட்டு நடங்கள். கட்டைவிரலால் அடிநுரையை அழுத்தி, விரிசல் விடுகிறதா என்று பாருங்கள்.